பாய்லர் மேடையில் காய்ந்த இஞ்சி

நான்கு நாளாக இடுப்பு நிமிரவில்லை. எங்கள் ஆலையில் எண்ணெய் வடிக்கும் முன் இஞ்சியை வில்லைகளாக நறுக்கி, தரையில் தட்டுகளில் பரப்பி, மூன்று நாள் நிழலில் புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். எல்லாம் குனிந்தே செய்கிற வேலை. பாய்லரை ஒட்டிய இரும்பு மேடையோ இடுப்பு உயரம். யாரும் இல்லாத மத்தியானத்தில் மொத்தத்தையும் அதன் மேல் கொட்டினேன். பொழுது சாய்வதற்குள் கலகலவென்று காய்ந்துவிட்டது.

எண்ணெய் வடிந்த மறுநாள், லேப் அக்கா முதலாளி மேஜையில் சோதனை முடிவுக் காகிதத்தை வைத்தார்.

"நல்ல இஞ்சி எண்ணெய்ல ஜிஞ்சிபெரீன் முப்பது சதவீதத்துக்கு மேல நிக்கணும். பதினெட்டுதான் இருக்கு. அது கெட்டா வர்ற ஆர்-கர்க்யூமீன் ஏறிக் கிடக்கு. ஒண்ணு பழைய இஞ்சியா இருக்கணும், இல்ல சூடு பட்டிருக்கணும்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நிழல்லதானே காஞ்சது?"

"ஆமாங்க." வாய் முந்திக்கொண்டது.

"அப்ப உங்க அண்ணன் கைவரிசையைக் காட்டிட்டான்."

இஞ்சி அண்ணன் வயலில் விளைந்தது. அவன் இஞ்சியை இங்கே வாங்கவைத்ததே நான்தான். அவனுக்கு வேறு வாடிக்கை கிடையாது.

கூப்பிட்டதும் வந்தான். நகக்கண்ணெல்லாம் மண்.

"தோண்டி ஒரு வாரம்கூட ஆகலைங்க. பழசைச் சேர்த்து வைக்க எனக்கு என்ன குடோனா இருக்கு? குடியிருக்கிற வீட்டுக்கே பாதிதான் கூரை."

லேப் அக்கா சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. "அப்ப லேப் மிஷின் பொய் சொல்லுதா?"

"மிஷினுக்கென்னங்க, குடும்பமா குட்டியா. அதுபாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிரும்." என் பக்கம் திரும்பினான். "ஏம்மா, மூட்டையைப் பிரிச்சது நீதானே? இஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லு."

"நான் கவனிக்கலைண்ணே."

அவன் என் கையைப் பார்த்தான். முழங்கைக்குக் கீழே, மேடை விளிம்பு பட்டுச் சுட்ட கோடு கன்றிச் சிவந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடினேன். முன்பு இதே பாய்லர் சூட்டில் வேலை பார்த்தவன் அவன். அந்தக் கோடு எதனால் வரும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முதலாளி பக்கம் திரும்பினான்.

"சரிங்க," என்றான். "பழசு கொஞ்சம் கலந்திருக்கும்."

"இனிமே உன் மூட்டை இந்த வாசல்ல இறங்கக் கூடாது."

தலையாட்டினான். வெளியே போகும்போது என்னைத் தாண்டுகிற இடத்தில் மட்டும் நின்றான்.

"மருந்து போட்டியா?"

"இல்லண்ணே."

"போடு. சீழ் பிடிச்சிரும்."

அவன் வயலில் பாதி இஞ்சி இன்னும் மண்ணுக்குள் கிடக்கிறது. வாங்க ஆளில்லை. மேடையில் கொட்டியது நான்தான் என்று முதலாளியிடம் சொல்வது, அண்ணனுக்கு நான் பட்ட கடன். இன்றுவரை அடைக்கவில்லை.