ரயில் போகும் வரை

செத்துப்போன ராஜாவின் கழுத்தில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. ராஜாவால் அதைத் தட்டிவிட முடியவில்லை. பூங்காவின் புல்வெளி முழுக்க ஜனங்கள் விரிப்பு விரித்து உட்கார்ந்து அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலவச நாடகம்தானே என்று அசட்டையாக வந்தவர்கள்கூட இப்போது வாயை மூடிக்கொண்டு கவனித்தார்கள். எறும்பு காது மடல்வரை வந்து, ஏதோ யோசித்து, திரும்பவும் கழுத்துக்கே இறங்கியது. கடித்துத் தொலைத்தாலாவது நிம்மதி என்று அவனுக்குத் தோன்றியது.

அவன் தொழிலில் லிப்ட் மெக்கானிக். ஓர் இடத்தில் உட்கார்ந்தான் என்று அவனைப் பெற்றவர்களே சொன்னது கிடையாது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய்ச் சொட்டுகிற குழாயை இறுக்குவான். யாராவது பேச ஆரம்பித்தால் பாதியிலேயே, "சரி சரி, புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போவான். மச்சான் வைத்த பெயர் பம்பரம். அவன் மனைவியும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த காலம் உண்டு.

போன வருடம் இதே பூங்காவில் இதே நாடகம். ராணி வேஷம் அவளுக்குக் கிடைத்ததை அவள் பல தடவை சொல்லியிருந்தாள். அவன் மிக்ஸியைக் கழற்றிக்கொண்டே தலையாட்டியிருந்தான். கடைசியில் நாடகத்தன்று காலையில், "நாடகமா? என்ன நாடகம்?" என்று கேட்டான். அப்படியும் அவள் முன்வரிசையில் அவனுக்கென்று ஒரு ஜமுக்காளம் விரித்து வைத்தாள். அவனும் வந்து உட்கார்ந்தான், ஜூஸ் கடைக்காரரின் ஜெனரேட்டர் இருமும் வரைக்கும். ராணி அழுது முடித்துக் கண்ணைத் திறந்தபோது ஜமுக்காளத்தில் அவன் செருப்பு மட்டும் கிடந்தது. அந்த வாரமே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை, கூச்சல் எதுவும் கிடையாது. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

இந்த வருடம் அவன் சீக்கிரமே வந்துவிட்டான். ஒரு பக்கம் ரத்த அழுத்தம் பார்க்கும் மேஜை, ஒரு பக்கம் மரக்கன்று, நடுவில் குழந்தைகளுக்கு முகத்தில் புலி வரைகிறார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பூங்காவையே சுற்றிச் சுற்றி வந்தான். ரத்த அழுத்தம் பார்த்த பெண், "கொஞ்சம் உக்காருங்க சார், நடந்துகிட்டே பாக்க முடியாது" என்றாள். அப்போதுதான் நாடகத்தை நடத்தும் மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார். ராஜாவாகப் படுக்கவேண்டிய வங்கிக் காவலாளிக்கு இருமல். இருமுகிற பிணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார் வரவில்லையோ அவர் சட்டை யாருக்குச் சரியாக இருக்கிறதோ அவர் நடிக்கவேண்டும் என்பது அவர்கள் குழுவின் வழக்கம். ராஜாவின் அங்கி பம்பரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

தோட்டக்காரர்களின் சாமான் கொட்டகைதான் ஒப்பனை அறை. அங்கே அவனைக் கிரீடத்தோடு பார்த்ததும் அவள் கையிலிருந்த மைப்பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சார், இவரா? அஞ்சு நிமிஷம் அசையாம இருக்கமாட்டாரு. வேற யாரையாவது படுக்க வைங்க."

"வேற ஆள் இல்லம்மா. செத்தவனுக்கு வசனமா இருக்கு? படுத்தா போதும்."

அவன், "நான் அசையமாட்டேன்" என்றான். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். எழுத்து தெரியவில்லை என்று பொய் சொல்கிற குழந்தைகளைப் பார்க்கிற பார்வை அது.

இப்போது அவள் அவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"எழுந்திரு வேந்தே! உன் குதிரை வாசலில் வந்து நிற்கிறது. எங்கே என்று கேட்கும் அதற்கு நான் என்ன மறுமொழி சொல்வேன்?"

குரல் நடுங்கியது. நடிப்புதான் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டும் போலிருந்தது. அவள் அவன் மார்பில் சாய்ந்தாள். கூந்தல் அவன் முகத்தின் மேல் விழுந்தது. அந்த நேரம் பார்த்து, பூங்காவை ஒட்டிய பாலத்தில் ரயில் வந்தது.

ரயில் வந்தால் நாடகம் நிற்கும். யார் எப்படி இருக்கிறார்களோ அப்படியே சிலையாகிவிட வேண்டும். சத்தம் ஓய்ந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். குழந்தைகளும் கூடவே சிலையாகிவிடுவார்கள். குனிந்திருக்கிற நடிகர்கள் மட்டும் அந்தச் சத்தத்தின் மறைவில் ஒருவருக்கொருவர் வசனம் எடுத்துக் கொடுப்பதுண்டு.

"கேக்குதா?" என்றாள் அவள், அவன் காதோடு.

அவன் உடம்பு விறைத்தது.

"பேசாதீங்க. பொணம் பேசாது. அண்ணன் வீட்ல இனிமே இருக்கப்போறதில்ல. கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் பாத்திருக்கேன். ஜன்னல் இருக்கு. நாளைக்குச் சாவி தர்றேன்னாங்க." மூச்சு அவன் காதில் சுட்டது. "ரூம் புடிச்சிருக்கு. ஆனா இப்பவும் ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டா, நீங்கதான் எதையோ கழட்டுறீங்கன்னு நெனச்சு எழுந்திருச்சிடறேன். எரிச்சலா வருது."

சரக்கு ரயில் போலிருக்கிறது. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அவனுக்கு அது போதவில்லை.

"நான் பேசி முடிக்கிறவரைக்கும் நீங்க பக்கத்துல இருக்கறது இதான் முதல் தடவை. சாவிய வாங்கவா, வேண்டாமா? வேண்டாம்னா..."

கடைசிப் பெட்டி பாலத்தைக் கடந்தது. சட்டென்று அமைதி. எங்கோ ஒரு குழந்தை தும்மியது.

"எழுந்திரு வேந்தே!" என்று ராணி தலையை நிமிர்த்திக் கதறினாள்.

வேண்டாம் என்றால் என்ன? வேண்டாம் என்றால் விரலை அசைக்க வேண்டுமா? அசையாமல் இருக்க வேண்டுமா? அசைந்தால், பார்த்தாயா, இவ்வளவுதான் நீ என்று ஆகிவிடுமோ? அசையாவிட்டால் சாவியை வாங்கிக்கொள் என்று அர்த்தமாகுமோ? எத்தனை வருடம் அவள் பேச்சைப் பாதியில் வெட்டியிருப்பான்! இப்போது மிச்சப் பாதிக்காக நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொரு ரயில் வராதா என்று செத்த ராஜா மனமுருக வேண்டிக்கொண்டான். ரயில் வரவில்லை. வீரர்கள் நால்வர்தான் வந்தார்கள். பாடையோடு அவனைத் தூக்கினார்கள். அஞ்சல் அலுவலகத்தில் வேலை பார்க்கிற வீரன் ஒருவன், "என்னா கனம்!" என்று முனகினான்.

கொட்டகையில் இறக்கி வைத்துவிட்டு அவர்கள் போருக்குப் போய்விட்டார்கள். இனி அவன் எழுந்திருக்கலாம். எறும்பைத் தட்டினான். எழவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ராணி அரியணை ஏறும் கட்டம். போன வருடம் அவன் பார்க்காத கட்டம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ராணி இத்தனை கோபக்காரி என்று அவனுக்குத் தெரியாது.

அப்போது, மைக்குக்கும் விளக்குக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த ஜூஸ் கடை ஜெனரேட்டர் இருமியது. இரண்டு இருமல், ஒரு விக்கல். விளக்கு மங்கி எரிந்து அணைந்தது. மைக் செத்தது. மருந்துக்கடைக்காரர் கொட்டகைக்குள் ஓடி வந்தார்.

"நல்லவேளை, இங்கதான் இருக்கீங்க! ஜெனரேட்டர் நின்னுபோச்சு, வாங்க, வாங்க!"

அவன் கால்கள் தாமாகவே பாடையைவிட்டு எழும்பின. அவளுக்காகத்தானே, அவள் குரல் கேட்க வேண்டும் என்றுதானே என்று மனம் சாக்குச் சொன்னது. போன வருடமும் இப்படித்தான் ஏதோ ஒரு நல்ல காரணம் இருந்தது.

"நாடகம் முடியட்டும் சார்."

"முடியறதா? மைக் இல்லாம எப்படி?"

"அவ பேசுவா."

"யோவ், நெஜமாவே செத்துட்டியா?" என்று மருந்துக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

அவள் பேசினாள். மைக் இல்லாமல், மங்கிக்கொண்டிருந்த அந்தி வெளிச்சத்தில், கடைசி விரிப்புக்கும் எட்டும்படி. குரல் ஓரிடத்தில் உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. ஜனங்கள் ஜூஸ் உறிஞ்சுகிற சத்தத்தைக்கூட நிறுத்தினார்கள். அவன் இரண்டு கையாலும் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டான்.

கைதட்டல் ஓய்ந்தது. புலி முகக் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சரளைக்கல்லில் அவள் நடை கேட்டது. கதவு திறந்தது. பாடையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"இன்னும் எழுந்திரிக்கலயா?"

"வேண்டாம்னா?" என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "வேண்டாம்னான்னு சொன்னியே. மிச்சத்தச் சொல்லு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிரீடம் நெற்றியில் அழுத்திச் சிவந்திருந்த இடத்தைத் தொட்டாள். அதைக் கழற்ற இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பாலத்தில் ரயில் வந்தது. கொட்டகையின் பலகைகள் அதிர்ந்தன. பழக்க தோஷத்தில் இருவரும் அப்படியே சிலையானார்கள். கிரீடம் அவன் தலைக்குச் சற்று மேலே அவள் கைகளில் நின்றது. அவன் மெல்லக் கண்ணைத் திறந்து, பாதி திறந்திருந்த அவள் உதடுகளைப் பார்த்தபடி, பெட்டி பெட்டியாக ரயில் போகக் காத்திருந்தான்.