விரலெடுத்தும் நிற்காத சுரம்

ராமாத்தாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ரெம்பியா பக்கத்து இரப்பர்த் தோட்டத்தில் யார் வீட்டுக்கு என்ன கடுதாசி வந்தது என்பது தபால்காரனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். கோமளா பால் வெட்டும் மர நிரையில், பால் வடியும் மங்கு ஒன்றுக்கு அடியில், மடித்த காகிதத்தில் பேரில்லாத காதல் பாட்டு ஒன்று கிடந்தது. வெட்டின பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் செய்தி லயத்து வீடுகள் முழுக்கச் சுற்றிவிட்டது. எழுதியவன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தனபாலன்தான் என்ற தீர்ப்பும் கூடவே போயிற்று. அதைச் சேர்த்து அனுப்பியவள் ராமாத்தாளேதான். சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு திரிகிறவன் அவன் ஒருவன்தானே!

கோமளாவின் அம்மா முனியாயிக்குத் தலைகால் புரியவில்லை. கிராணி மாப்பிள்ளை அல்லவா? ஆள்விட்டுக் கேட்டாள். தனபாலன் கல்யாணத்துக்குச் சரி என்றான். பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை மாற்றுவதாக முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமாத்தாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது கோமளா காகிதத்தோடு வந்து நின்றாள்.

"அத்தை, இதை எழுதினவரைத்தான் நான் கட்டிக்குவேன். அது கிராணிதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. ஊருக்குச் சொன்னது நீங்க. நான் வாசிக்கிறேன், நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க."

மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு அவள் வாசித்தாள்:

*பாட்டு முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள்,*
*ஒரு சுரம் போகவில்லை.*
*விரலை எடுத்த பிறகும் அழுதுகொண்டே இருக்கிறது,*
*காற்று உள்ள வரை.*
*தூக்கிவிட இன்னொரு விரல் வர வேண்டும்,*
*என் விரல் போதவில்லை.*

ராமாத்தாள் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு முறை. கீரை உருவுகிற கை நின்றுபோனது. கிராணி இதற்கு என்ன அர்த்தம் சொன்னான் என்று விசாரித்தாள். வீணையின் ஏக்கம் என்றானாம்.

"வீணைக்குக் காத்து எதுக்குடி? தந்தின்னா விரலை எடுத்ததும் கொஞ்சம் முனகிட்டு அடங்கிடும்லா. இது அடங்கலையே. ஒரு அடி நீட்டி வருது, அடுத்தது மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குது, பாத்தியா?"

மூச்சு வாங்குகிற பாட்டை ராமாத்தாள் மூன்று வருஷமாகக் கேட்டிருக்கிறாள். கோயில் பஜனையில் பாச்சாங் ஊர்க் கடையிலிருந்து பழசாக வாங்கி வந்த ஆர்மோனியம் ஒன்று உண்டு. வாசிக்கிறவன் புகைக் கொட்டகையில் இரப்பர் உலர்த்தும் நாகமுத்து. அடுப்பில் வெந்த இடது கையால் துருத்தியை ஒரே சீராக அமுக்க முடியாது. அடிக்கு ஒரு தரம் நின்று நின்றுதான் காற்று ஏற்றுவான். போதாததற்கு ஒரு கட்டை அமுக்கினால் மேலே எழும்பாது. மங்களம் பாடி முடிந்தும், காற்று தீரும் வரை, அது ஒன்று மட்டும் அழுதுகொண்டிருக்கும். அதைக் கேட்டுச் சிரிப்பதில் ராமாத்தாள்தான் முதல் ஆள்.

இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாகமுத்துவும் கோமளாவும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோமளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கள்ளிக்கு முன்னமே தெரியும்! ராமாத்தாள் வாயால் பரவியதை ராமாத்தாள் வாயால்தான் அழிக்க முடியும் என்பதும் தெரிந்திருக்கிறது. அதில் ராமாத்தாளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சாயங்காலம் பஜனையில என் பக்கத்துல வந்து உக்காரு" என்றாள். "உங்க அம்மாவையும் கூட்டிட்டு வா."

பஜனை முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். வழக்கம்போல அந்தச் சுரம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. ராமாத்தாள் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். கோமளா நடந்துபோய், குனிந்து, அந்தக் கட்டையை ஒற்றை விரலால் மேலே தூக்கிவிட்டாள்.

சத்தம் நின்றது. நாகமுத்து நிமிர்ந்து பார்க்கவில்லை. இடது கை மட்டும் துருத்தியை அமுக்கிக்கொண்டே இருந்தது.

முனியாயி மகளைப் பார்த்தாள், நாகமுத்துவைப் பார்த்தாள், கடைசியில் ராமாத்தாளை முறைத்தாள்.

"வெத்தலை ஒண்ணும் வீணாப்போகாது அண்ணி" என்றாள் ராமாத்தாள். "மாப்பிள்ளைதானே மாறுறான்."

மறுநாள் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுமுன் லயம் முழுக்கச் செய்தி இருந்தது: தனபாலன் பெருந்தன்மையாக விலகிக்கொண்டானாம், பாட்டு நாகமுத்துவுடையது என்று ராமாத்தாளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம். தன் பெருந்தன்மையைத் தனபாலனே ஆபீஸ் வாசலில்தான் கேள்விப்பட்டான். நான்கு பேர் கைகொடுத்த பிறகு மறுக்க மனம் வரவில்லை. மீசையைத் தடவிச் சிரித்துவைத்தான்.