கொக்கியில் தொங்கும் முடிவு

1.
இந்தக் கதை முழுக்க உண்மை, என் பல்லின் மேல் ஆணை. (பல் செட் கட்டியது.) கிரேன் ஓட்டும் ஒரு பெண்ணை வாயில் சிகரெட்டோடு எழுதவேண்டும் என்ற ஆசையில் பிறந்தது இது. முதல் வரி இப்படி:

வானத்தின் விளிம்பில், புகை வளையங்களுக்கு நடுவே, அவள்…

மூன்றாம் பக்கத்தில் அவளுக்கு மசக்கை. எனக்கே அப்போதுதான் தெரியும். சிகரெட்டைப் பிடுங்கப் போனேன். அதற்குள் அதை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு மாறியிருந்தாள். புகை இல்லை, வெறும் ஆவிதானே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்பது அவள் கணக்கு.*

* கர்ப்பிணி எப்படி அவ்வளவு உயரம் ஏறினாள் என்று கேட்பவர்களுக்கு: லிப்ட் போட்டிருக்கிறேன். என் கதை, என் செலவு.

2.
புகை போனாலும் நிகோடின் போகவில்லை என்றார் டாக்டரம்மா. அது தாயின் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டி, பிள்ளையின் மூளைவரை போகுமாம். பின்னாளில் கவனம், ஞாபகம், படிப்பு எல்லாம் தடுமாறலாமாம்.

(இங்கே ஒரு பக்கம் விஞ்ஞானம் எழுதினேன். படித்துப் பார்க்கும்போது தூங்கிவிட்டேன். கிழித்தாயிற்று.)

"மூளையை இப்பத்தான் கட்டிட்டிருக்கும்மா. எது எங்க போகணும்னு சொல்ல உள்ளேயே ஒரு ரசாயனம் இருக்கு. நிகோடின் அது மாதிரியே வேஷம் போடும்."

"அதாவது, கண்டவன் வந்து கைகாட்டுறான்."

கிரேனில் இருப்பவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் நிற்பவர் கைகாட்டினால்தான் கொக்கி இறங்கும். அவளுக்குக் கைகாட்டுபவர் அவள் கணவர். ஒருமுறை எவனோ தெருவில் போன தன் அத்தைக்குக் கையாட்ட, அரை டன் சிமெண்ட் கலவையை இன்ஜினியரின் காருக்குள் இறக்கிவிட்டாள். அந்தக் கார்தான் இன்று கட்டிடத்தின் வடக்குத் தூண்.

"எம்புள்ள மண்டைக்குள்ள கார் நிக்கக்கூடாது டாக்டர். இதுவரைக்கும் இழுத்தது?"

"இன்னைக்கு விட்டாலும் புள்ளைக்கு நல்லதுதான். முடியலன்னா இங்க வாங்க. தனியா மல்லுக்கட்டாதீங்க."

3.
முதல் முடிவு: அந்த நொடியே விட்டுவிட்டாள். (எனக்கே நம்பிக்கை வரவில்லை. அடித்தேன்.)

இரண்டாம் முடிவு: கணவர் கண்ணீர்… (அவர் மறுத்துவிட்டார்.)

மூன்றாவது: மறுநாள் கிரேன் உச்சியில் நாக்கு நமநமத்தது. மின்சிகரெட்டைக் கொக்கியில் மாட்டிய வாளியில் போட்டுக் கீழே இறக்கினாள். கணவர் எட்டிப் பார்த்தார். மேலேயிருந்து ஒரு கை நீண்டு அவருடைய சட்டைப்பையைக் காட்டியது. அவள் அவருக்குக் கைகாட்டியது அதுதான் முதல் தடவை.

"எனக்குள்ளயா புள்ள வளருது?" என்றார் வாக்கிடாக்கியில்.

"வயித்தப் பாத்தா அப்படித்தான் தெரியுது. போடுங்க."

சிகரெட் பெட்டி வாளிக்குள் விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பில் கிரேனே ஆடியது.

4.
இனி எனக்கு வேலையில்லை. குப்பை லாரியில் கொட்டத் தூக்கிய வாளி நடுவானில் தொங்குகிறது. மேலே போனால் அவள் கை. கீழே வந்தால் குப்பை லாரி. நாக்கு இன்னும் நமநமக்கிறது. கணவரின் இரு கைகளும் காலிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்கின்றன. அவள் எட்டிப் பார்ப்பது உங்களைத்தான்.

கைகாட்டுங்கள். தெருவில் உங்கள் அத்தை போனால் மட்டும், தயவுசெய்து, கண்டுகொள்ளாதீர்கள்.