மேட்டு வீட்டு வாசலில் ரோலர்

1

இந்தக் கதை ஒரு பூனையால் வந்தது. பக்கத்துத் தெருவில், தார்ச்சாலையில் நடந்துகொண்டிருந்த பூனை தாவாமல், காலைக்கூட எக்காமல், ஒரு வீட்டு ஜன்னலுக்குள் போனது. வீடு இறங்கவில்லை, சாலை ஏறியிருந்தது. சரி, இந்தப் புறநகர் வளர்ந்த கதையை எழுதித் தொலைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பெருநகரத்தின் தெற்கே, வரலாற்றுச் சிறப்பு மிக்க இந்தப் பகுதி—

(அடித்துவிட்டேன். வரலாறு என்று ஆரம்பித்தால் எங்கிருந்தாவது ஒரு ராஜா குதிரையில் வந்து நிற்பார். இங்கே முதலில் வந்தது ரோலர்.)

2

அந்த ரோலரை ஓட்டியவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். முட்புதரை வெட்டி, கல் நட்டு, மனை பிரித்து, செம்மண் கொட்டிய காலத்தில் அவருக்கு மீசை கறுப்பு. தான் உருட்டிய தெருவிலேயே ஒரு மனை வாங்கி, மூன்று படி ஏறிப் போகிற மாதிரி வீடு கட்டினார். மேட்டு வீடு என்றார்கள்.

பேருந்து வந்தது, செம்மண் மேல் ஜல்லியும் தாரும் விழுந்தன. தொழிற்சாலை வந்தது, அதன் மேல் இன்னொரு பூச்சு. அடுக்குமாடிகள் வந்தன, மறுபடியும். பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஆனால் சுரண்டுகிற மெஷின் எப்போதும் வேறு சாலையில் இருக்கும்.*

ஊர் நீளத்தில் வளர்ந்தது, உயரத்தில் வளர்ந்தது என்பார்கள். அவர் வாசலில் அது கனத்தில் வளர்ந்தது. ஒவ்வொரு கனத்தையும் அழுத்திக் கொடுத்தவர் அவரே. இப்போது அதே வீட்டுக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அது பள்ளத்து வீடு.

* அந்த வேறு சாலைக்கும் போய்க் கேட்டேன். மெஷின் இந்தச் சாலையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

3

அவர் மனைவி துணி தைக்கிறவள். போன மழையில் தெருத் தண்ணீர் மொத்தமும் உள்ளே வந்து தையல் மெஷினின் மோட்டார் புகைந்துபோனது. புது மோட்டார் போட்டு, மெஷினைச் செங்கல் மேல் ஏற்றி, ஸ்டூலையும் செங்கல் மேல் ஏற்றி உட்கார்ந்திருக்கிறாள்; தலை மின்விசிறிக்குப் பக்கத்தில்.

"நாளைக்கு நம்ம தெருதானாம்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"சுரண்டுவாங்களா?"

அவர் குழம்பு கேட்டார்.

"இந்தத் தடவையும் மேலயே போட்டா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீ உன் ரோட்டோட குடும்பம் நடத்து."

4

காலையில் அவர் ரோலரோடு தெருவுக்குள் திரும்பியபோது, அவள் அந்த ஸ்டூலைக் கொண்டுவந்து நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் யாருடைய ரவிக்கையோ, கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்திரிங்க" என்றார் மேஸ்திரி. "கலவை கொட்டியாச்சு. ஆறிட்டா அப்புறம் அழுந்தாது. மழைக்குப் பேந்துடும்."

"பேந்து போகட்டும். என் வீட்டுக்குள்ளதானே வரும்? பெருக்கிக்கறேன்."

அடுக்குமாடிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். "ஏம்மா, எல்லாருக்கும் ரோடு வேணாமா?"

"வேணாம்னு யாருப்பா சொன்னது? என் தலை மேல வேணாங்கறேன். நாங்க வந்தப்ப இது மேடு, தெரியுமா?"

மேஸ்திரி ரோலரைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே! உங்க சம்சாரம், நீங்கதான் சொல்லணும்."

"நான் சொல்லி என்னிக்குடா கேட்டிருக்கா" என்றார் அவர். இன்ஜினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

5

இங்கேதான் மூன்று நாளாக நிற்கிறேன்.

முதலில் அவரை இறங்க வைத்தேன். சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் மக்களைப் பார்த்து—

(பொய். ஜல்லி சுமக்கிற வீட்டில் பிறந்தவன் நான். வேலை நேரத்தில் பிரசங்கம் செய்த ஆளை ஒருநாளும் பார்த்ததில்லை. தவிர, இவர் இறங்கினால் வேறொருவன் ஏறுவான். வீடும் பள்ளம், வேலையும் போச்சு.)

பிறகு உருட்டச் சொன்னேன். கடைசி நொடியில் அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். சாலை பளபளக்கிறது. மாலையில் தையல் மெஷின் இருந்த இடத்தில் செங்கல் மட்டும் இருக்கிறது. நடக்கக்கூடியதுதான். எழுதக் கை வரவில்லை.

அவர் வாசலை மட்டும் விட்டுவிட்டுப் போடலாமே என்றார் என் நண்பர் ஒருவர். போடலாம். தெருத் தண்ணீர் முழுக்க அந்தக் குழியில் வந்து நிற்கும். படித்த யோசனை.

6

எனக்கு அலுத்துவிட்டது. இவ்வளவு பெரிய ஊரை எழுத வந்தவன் ஒரு ஸ்டூலைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கொக்கியை முடித்து நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். அடுத்த துணியை எடுக்கவில்லை. நிமிர்ந்து கணவரைப் பார்க்கிறாள். அவர் கை கியரின் மேல் இருக்கிறது. பின்னால் ஹார்ன் சத்தம். அவர் மேஸ்திரியைப் பார்க்கிறார், வீட்டைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

கலவையில் புகை குறைந்துகொண்டிருக்கிறது. சொல்வதாக இருந்தால் சூடு இருக்கும்போதே சொல்லுங்கள்.