வெங்கடேசனின் இடது பக்கம்

குணசுந்தரி வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். அந்தத் தைரியத்தில்தான், போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆளை அச்சு அசலாக வரைகிறேன் என்று பென்சிலும் ரப்பரும் வாங்கி உட்கார்ந்தாள். யாரை வரைவது? புருஷனைத்தான். கூப்பிட்டதும் வந்து உட்கார வேறு யார் இருக்கிறார்கள்?

வெங்கடேசன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவன். போன வருஷம் உலையிலிருந்து தெறித்த பொறி இடது கண்ணோரம் பட்டுவிட்டது. பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது சாமி புண்ணியம். ஆனால் இமை தொங்கிப்போய், புருவத்தில் பாதி கருகிவிட்டது. அதிலிருந்து கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் மனுஷன் பந்திக்கு நழுவிவிடுவான். வாட்ஸ்அப்பில் அவன் முகம் இருந்த இடத்தில் இப்போது முருகன் இருக்கிறார். அவன் பழையபடி நாலு பேர் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும், அதுதான் அவளுக்கு வேண்டியது. படம் போடுவதே அதற்குத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் போனதுதான் மிச்சம். மூக்கு கொழுக்கட்டை மாதிரி வந்தது. உதட்டுக்கு நிழல் போட்டால் வீங்கிக்கொண்டது. அழித்து அழித்துத் தாள் ஓட்டையானது. பாவம், அழாத குறை. கடைசியில் தனக்குத் தெரிந்த வித்தையையே எடுத்தாள். தாள் முழுக்க மெல்லிசாகப் புள்ளி வைத்து, அதன்மேல் முகத்தைப் போட்டாள். வலது பக்கம் அருமையாக அமைந்தது. கோலம் போட்ட கை சும்மா இருக்குமா? புள்ளியை எண்ணி, இடது பக்கத்தையும் வலது மாதிரியே, முழுப் புருவத்தோடு இழுத்து முடித்தாள்.

வெங்கடேசன் வாங்கிப் பார்த்தான்.

“நல்லாக்கீது. அழகாக்கீறான். யாரு இது?”

“இன்னாங்க இப்டி கேக்கறீங்க? நீங்கதான்.”

“நான் இல்ல.” தாளைத் திருப்பிக் கொடுத்தான். “நீயும் இந்தப் பக்கம் பாக்க மாட்டேங்கற, இல்ல? சோறு போடும்போதுகூட அந்தாண்ட பாத்துக்கினுதான் போடற.”

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. பார்த்தால் அவன் மனசு நோகுமே என்றுதான் கண்ணை விலக்கிக்கொண்டிருந்தாள். அருவருப்பில் விலக்குகிறாள் என்று நினைத்து அவன் இத்தனை நாளும் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறான்.

“ஜன்னலாண்ட வாங்க. இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க.”

“இன்னாத்துக்கு? அத்தப் போய் யாராவது வரைவாங்களா?”

“நான் வரைவேன். கம்முனு உக்காருங்க.”

இடது பக்கத்தை மட்டும் அழித்தாள். புள்ளியை எண்ணாமல் அவனையே பார்த்தாள். முதலில் கண் தானாக வலது பக்கம் ஓடியது. அப்புறம் வேலை பிடித்துக்கொண்டது. புருவம் எங்கே நின்றுபோகிறது, தோல் எங்கே சுருங்குகிறது, இமை எவ்வளவு தொங்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டாள். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான், கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான்.

முடித்து அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். எழுந்து போய்ச் சுவர்க் கண்ணாடியில் ஒரு தடவையும் படத்தில் ஒரு தடவையும் பார்த்தான்.

“குணா.”

“இன்னாங்க?”

“கண்ணு இன்னும் கொஞ்சம் எறங்கணும். நீ தூக்கி வச்சிக்கீற.”

சொல்லிவிட்டு வந்து, ஜன்னலோரம் அதே இடத்தில், இடது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி உட்கார்ந்தான். குணசுந்தரி ரப்பரைத் தேடினாள். கண் நிறைந்து நின்றதில், மடியிலேயே கிடந்தும் அது அகப்படவில்லை.