ஏழாயிரத்து நானூறு

1

என் குட்டை நானே உடைத்துவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகைக்கு எண்ணூர் சாலையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். "மணிக்கு 412 கன்டெய்னர் லாரிகள்" என்று அதில் ஒரு வரி. நான் எண்ணவே இல்லை. டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றேன், கண்ணில் புழுதி விழுந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். வெறும் நானூறு என்று போட்டால் சந்தேகப்படுவார்கள் என்று கூடப் பன்னிரண்டைச் சேர்த்தேன். கடிதம் எழுதிய வாசகர்கள் எல்லோரும் அந்த வரியைத்தான் பாராட்டினார்கள்.

அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் இந்தக் கதை. சங்கமித்ரா என்று யாரையும் எனக்குத் தெரியாது. எண்ணாமல் எழுதிய இன்னொரு ஆள் எனக்குத் துணைக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து பார்த்தால் மணலி ஆலைகளின் புகை"

[வேண்டாம். வடசென்னை என்றதும் புகையை மூட்டுவது சோம்பேறித்தனம்.]

இரண்டாம் தொடக்கம்: "சங்கமித்ராவுக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தத்தைக் கண்டால்"

[இதுவும் வேண்டாம். அவளுக்கு ரத்தத்திடம் ஒரு பயமும் இல்லை.]

சரி, நேராகவே சொல்கிறேன். டோல்கேட் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் தனியார் கல்லூரியில் சங்கமித்ரா லேப் டெக்னீஷியன் படிப்பு, இரண்டாம் வருடம். அவளுக்கு ஜோடி, கல்மண்டபத்திலிருந்து வரும் சைமா. செய்முறை வகுப்பில் ஜோடி ஜோடியாகத்தான் வேலை. நீ என் விரலைக் குத்து, நான் உன் விரலைக் குத்துகிறேன் என்று ஒன்றரை வருடம் போனால் சிநேகம் வராமல் இருக்குமா?

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளணு எண்ணிக்கை.* சைமாவின் ரத்தத்தை எடுத்து, கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடியில் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தாள் சங்கமித்ரா. யாருடைய ரத்தமோ அவருடைய ரெக்கார்டு நோட்டில்தான் எண்ணிக்கையை எழுத வேண்டும்; சைமாவின் நோட்டில் 7,400 என்று எழுதினாள். ஆசிரியை பெர்சிஸ் மேடம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். சங்கமித்ரா எண்ணவில்லை.

* நான்கு மூலைக் கட்டங்களில் தெரியும் வெள்ளணுக்களை எண்ணிக் கூட்டி, ஐம்பதால் பெருக்க வேண்டும். நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருந்தால் கவலை இல்லை. 7,400 வேண்டுமானால் கூட்டுத்தொகை 148 வர வேண்டும். எனவே அவள் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, முப்பத்தேழு, முப்பத்தாறு, முப்பத்தொன்பது, முப்பத்தாறு என்று நான்கு கட்டங்களையும் நிரப்பினாள். நான்கிலும் முப்பத்தேழு போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்திருக்கிறது. என்னைவிடக் கெட்டிக்காரி.

3

ஏன் எண்ணவில்லை? இந்த இடத்தில் நான் கொஞ்சம் திருட்டுத்தனம் செய்தேன். அவளுடைய அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று எழுதினேன், அடித்தேன். மின்சாரம் போய்விட்டது என்று எழுதினேன், அதையும் அடித்தேன். நல்ல காரணம் கொடுத்துவிட்டால் நீங்கள் அவளை மன்னித்துவிடுவீர்கள், எனக்கும் வேலை சுலபம்.

நடந்தது சாதாரணமானது. ஆறு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். சங்கமித்ராவுக்குப் பார்வை சரியாகக் குவியவில்லை. எல்லாம் மங்கலாக, மணல் கொட்டியது போலத் தெரிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை மேடத்தைக் கூப்பிட்டாயிற்று. மூன்றாவது முறை கூப்பிட வெட்கம். பின்னால் நின்ற ஞானதுரை, "இன்னா மித்ரா, உள்ளார படமா ஓடுது? வுடு, நாங்களும் பாக்கணும்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் கண்ணாடியை எடுத்துக் குழாயடியில் கழுவிவிட்டாள்.

மணல் கொட்டியது போல என்றேனே, அது அவளுடைய தவறா, இல்லை உண்மையிலேயே அவ்வளவு அணுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தனவா? அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கழுவிய கண்ணாடியிடம் யார் போய்க் கேட்பது?

4

பிப்ரவரியில் சைமா வகுப்புக்கு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். பிறகு அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. ரத்தப் புற்று. வெள்ளணு இரண்டு லட்சத்துக்கு மேல்.

சங்கமித்ரா போனபோது ஓர் இளம் டாக்டர் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் எப்போதாவது ரத்தம் பார்த்ததுண்டா?

சைமாவின் அம்மா சாபிரா பையிலிருந்து மகளின் ரெக்கார்டு நோட்டை எடுத்து நீட்டினாள். "பாத்தோம் சார். காலேஜ்ல, நவம்பர்ல. இதோ, இந்தப் பொண்ணுதான் எண்ணிச்சு."

டாக்டர் சிவப்புக் கையெழுத்தைப் பார்த்தார். "மூணு மாசம் முன்னாடி நார்மல். அப்ப ரொம்ப வேகமா வந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே கேஸ் ஷீட்டில் எழுதினார்.

தன் பொய் இன்னொருவர் கையெழுத்தில் ஏறுவதைச் சங்கமித்ரா நின்று பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வராந்தாவில் சாபிரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தீபாவளி லீவுலயே மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொல்லிகினே இருந்துச்சு கண்ணு. நான்தான் 'ராப்பூரா போனை நோண்டினா மூச்சு வாங்காம இன்னா பண்ணும்'னு திட்டுனேன். நீ எண்ணிப் போட்ட அந்த நம்பர் மட்டும் இல்லாங்காட்டி நான் செத்தே பூடுவேன். அப்ப ஒண்ணும் இல்லதானே? நீ எண்ணிப் பாத்தல்ல?"

"ஆமா ஆன்ட்டி" என்றாள் சங்கமித்ரா. இரண்டாவது பொய். இதற்குப் பேனா கூடத் தேவைப்படவில்லை.

5

இங்கே முடித்துவிடலாமா என்று பார்த்தேன்.

ஒரு முடிவு: அவள் பெர்சிஸ் மேடத்திடம் போய் அழுகிறாள். மேடம் கதவைச் சாத்திவிட்டு, "எல்லா பேட்ச்சும் பண்றதுதான்டி. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், என் வேலையும் சேர்ந்து போகும். வாயை மூடிக்கிட்டு இரு" என்கிறார். [நம்பக்கூடிய முடிவு. ஆனால் பழியை மேடத்தின் தலையில் கட்டிவிட்டு நானும் சங்கமித்ராவும் தப்பித்துப் போகிறோம்.]

இன்னொரு முடிவு: அவள் பின்னாளில் ஒவ்வோர் அணுவையும் இரண்டு முறை எண்ணும் டெக்னீஷியனாகிறாள். [இதைக் கல்லூரி ஆண்டு மலரில் போடுவார்கள். அவள் திருந்துவதற்காகச் சைமா சாக வேண்டுமா?]

மூன்றாவது: எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு வருகிறது, அந்த நவம்பர் எண்ணால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று டாக்டர்

[இல்லை. அது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மிட்டாய்.]

6

ஆகவே அவளை மறுபடியும் வார்டுக்கே அனுப்பினேன். மஜ்ஜைப் பரிசோதனை மறுநாள். டாக்டரிடமும் சாபிராவிடமும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனாள். டாக்டர் ஐந்து மணிக்கு வருவார். சாபிரா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சைமா முகம் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். அடுத்து அவள் பேசியதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை, எழுதும்போதுதான் வந்தது.

"மித்ரா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும். திட்டாத."

"இன்னாடி?"

"அன்னிக்கு உன் ரத்தத்த நான் எண்ணலடி. தல சுத்திச்சு, கண்ணு கட்டிகினு வந்துச்சு. ஆறாயிரத்து எட்நூறுன்னு சும்மா போட்டுட்டேன். இங்க வந்து படுத்ததுலேந்து அதே நெனப்பு. உனக்கும் எதுனா இருந்து, நான் பாக்காம வுட்டிருந்தா? நீ போய் வேற லேப்ல குட்த்துப் பாத்துரு. நாளைக்கே போ. சத்தியமா போவியா?"

சங்கமித்ரா தலையை மட்டும் ஆட்டினாள்.

சாபிரா தண்ணீர் பாட்டிலோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். மகள் சொன்னதில் பாதி அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"எனக்கே கேவலமா கீது," என்றாள் சைமா. "நல்ல வேள, நீயாவது என்னுத எண்ணுன. எண்ணுனல்ல?"

அடுத்த வரி சங்கமித்ராவினுடையது. ஆறு முறை எழுதினேன். ஆமாம் என்று மூன்று, இல்லை என்று மூன்று. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இனி நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், டாக்டர் ஐந்து மணிக்கு வந்துவிடுவார். ஆனால் எதை எழுதினாலும் சாபிராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுங்கள்.