ஆல்பத்தில் அத்தா

அத்தா ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை நிலோபர் அழித்தாள். அடுத்தது, அதே ஆட்டுக்குட்டி அவர் சட்டையை நனைத்த பிறகு எடுத்தது. அதையும் அழித்தாள்.

உள்ளறையில் நெல் மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவில் நின்றிருந்தாள். கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். கூடத்தில் அவள் அத்தா, தகப்பனார் முகம்மது சுல்தானைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒலு செய்ய உட்கார்ந்த மனிதர் எழுந்திருக்கவில்லை. மாலை அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம். மணி மூன்றே கால்.

ஷார்ஜாவிலிருக்கும் தம்பி தமீம் அன்சாரிக்கு நாளைக்குத்தான் டிக்கெட் கிடைத்திருந்தது. உயிர் போன மையத்தை நாளை வரைக்கும் வைத்திருக்க வீரசோழன் ஊரில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அத்தாவே சம்மதிக்க மாட்டார். வீட்டுக்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. காலையில் வீடியோ கால் போட்டுப் பார்த்ததில் அத்தாவின் முகம் கட்டம் கட்டமாகப் பிரிந்து, மூக்கு ஓரிடத்திலும் தாடி வேறிடத்திலும் நின்றதாகத் தமீம் சொன்னான். "மூடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் வீடியோ எடுத்து ஆல்பத்துல போட்டுரு, அக்கா. பெறகு நான் பாத்துக்கிர்றேன்."

எடுக்கப் போனால் போனில் இடமில்லை. வேறு யாருடைய போனையும் கேட்க முடியாது. மையத்தைப் படம் எடுப்பது கூடவே கூடாது என்று சித்தி முறையான மைமூன் சச்சி காலையிலேயே, யாரும் கேட்காதபோதே, அறிவித்திருந்தாள்.

'நம்ம வீடு' என்ற அந்த ஆல்பம், எட்டு வருசத்துக்கு முன்னால் தமீம் விமானம் ஏறிய வாரத்தில் நிலோபர் தொடங்கியது. குடும்பத்தில் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். படம் போட்டவள் அவள் ஒருத்திதான், எடுக்கச் சொன்னவர் அத்தா ஒருத்தர்தான். அவருடைய விறகுக் கரிமூட்டத்திலிருந்து லோடு ஏறினால் ஒரு படம். மழை பெய்யாவிட்டால் பெய்யாத வானத்தை ஒரு படம். அருப்புக்கோட்டையில் பல்செட் வாங்கிய அன்று பல்லோடு ஒன்று, பல் இல்லாமல் ஒன்று. எடுத்து முடித்ததும், "தம்பிக்குப் போடு" என்பார்.

இரண்டாயிரத்துச் சொச்சம் படம். போன் நிரம்பியதற்கு அவைதான் காரணம் என்பதில் நிலோபருக்குச் சந்தேகமே இல்லை. அத்தா பஸ்ஸிலும் இரண்டு பேர் இடத்தை அடைத்துத்தான் உட்காருவார்.

நூறு படம் அழித்துவிட்டுக் கேமராவைத் திறந்தாள். இடமில்லை. ஐந்நூறு அழித்தாள். இடமில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, விரலால் கோடு இழுத்த மாதிரி வருசம் வருசமாக அழித்தாள். அழித்ததெல்லாம் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து அதையும் காலி செய்தாள். நிரந்தரமாகவா என்று போன் மரியாதையாகக் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். அப்போதும் இடமில்லை.

சச்சி தலையை நீட்டினாள். "இங்க நின்னு என்ன செய்யிற? தூக்கிட்டுப் போற சந்தூக்கு வந்துருச்சு. பாக்குறவுக வந்து பாத்துக்கங்கன்னு சொல்லியாச்சு."

"வாரேன் சச்சி."

சச்சி போன கையோடு போன் அடித்தது. தமீம்.

"அக்கா, ஆல்பத்துல என்னமோ ஆகுது."

"என்ன?"

"அத்தா படமெல்லாம் போயிட்டே இருக்கு. நான் பாக்கப் பாக்கப் போகுது. பல்செட் படம் இப்பத்தான் இருந்துச்சு."

காலையிலிருந்து அவன் ரூமில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைத்தான் மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நாந்தான் அழிச்சேன். வீடியோவுக்கு எடம் வேணும்ல."

 தமீம், குழந்தைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். அந்தப் படங்கள் அவள் போனிலேயே இல்லை. போன வருசம் லீவுக்கு வந்தபோது அவனேதான் அவற்றையெல்லாம் நெட்டில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து எடுத்துவிட்டான். போனை அடைத்துக்கொண்டிருப்பது வெள்ளிக்கிழமைதோறும் சொந்தக்காரர்கள் அனுப்பும் ஜும்ஆ முபாரக் வாழ்த்து ரோஜாப்பூப் படங்கள். ஆல்பத்துப் படத்தை அவள் அழித்தால் பதினான்கு பேருக்கும் போய்விடும். அவனும் ஒன்றைக்கூடத் தன் போனில் இறக்கி வைக்கவில்லை. ஆல்பத்தில்தான் இருக்கிறதே என்று விட்டிருந்தான்.

"இப்ப எத்தன இருக்கு?" என்றாள்.

"நாப்பத்தி மூணு. அதுல பத்து ஆடு."

"ரோசாப்பூவ அழிக்கட்டா?"

"நேரம் இருக்கா?"

வாசலில் ஆம்பளையாட்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

"இல்ல."

தமீம் மூக்கை உறிஞ்சினான். "அப்ப நீ பாருக்கா. பாத்துட்டுச் சொல்லு."

டாக்டருக்கு, பள்ளிவாசலுக்கு, அறுபது வீட்டுக்கு என்று விடிந்ததிலிருந்து நிலோபர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தாள். மைமூன் சச்சி முறைத்தாள்.

"தம்பி" என்றாள் நிலோபர்.

சச்சி தலைமாட்டில் தான் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்தாள்.

"தாடிய சீவி விட்டுருக்காக" என்று நிலோபர் போனுக்குள் சொன்னாள். "மூக்குல பஞ்சு வச்சிருக்கு. வாய் மூடித்தான் இருக்கு. சிரிக்கல்லாம் இல்ல. கோவமும் இல்ல. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்காக."

"ம்."

"நெத்தியில தொழுத தழும்பு."

"அது தெரியும். வேற சொல்லு."

குனிந்தாள். கற்பூரமும் அத்தரும் மணந்தன.

"எமையில ஒரு மச்சம் இருக்குடா. எள்ளு கணக்கா. மூடுனாத்தான் தெரியும்போல."

"எமையிலயா? எனக்குத் தெரியாதே."

"எனக்குந்தான்."

பள்ளிவாசல் ஆள் ஒருவர் அவளுக்கு எதிரே மண்டியிட்டு, கபன் துணியின் தலைப்பை இழுத்து முகத்தை மூடி முடிச்சுப் போட்டார்.

"எந்தக் கண்ணுக்கா?"

நிலோபர் தன் இடது கண்ணை மூடி, இமையின்மேல் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.